தூங்கிய பிறகு தோண்டவும்

1

இது கதையாக வந்திருக்கவேண்டியதே இல்லை. ஆசிரியர் கேட்டது மூன்று வரித் திருத்தம். பக்கத்தின் அடியில், தலைவலித் தைல விளம்பரத்துக்கு மேலே, பொடி எழுத்தில் போட்டால் தீர்ந்தது. நானும் உட்கார்ந்தேன். "சில வாரங்களுக்கு முன் வந்த தோட்டக் குறிப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். 'சிறு' என்ற சொல்லில் பேனா நின்றது. என் தங்கை வீட்டு பால்கனியில் போய் அந்தப் பிழையைப் பார்த்தால் யாரும் அதைச் சிறு என்று சொல்லமாட்டார்கள். அது என் இடுப்பு உயரம். அதற்குக் கிளைகள் இருக்கின்றன.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவது துப்பறியும் தொடர். தோட்டப் பக்கம் எழுதுகிறவர் ஒரு வாத்தியாரம்மா. அவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இலையுதிர் காலம், குளிர்காலம், வீட்டுத் தோட்டத்துல என்னென்ன செய்யலாம்னு ஒரு பக்கம். நீங்க எழுதிருங்க."

"எனக்குச் செடின்னா என்னன்னே தெரியாதே சார்."

"போலீஸ்னா என்னன்னும்தான் உங்களுக்குத் தெரியாது. எழுதலையா?"

தங்கைக்குப் போன் செய்தேன். கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. இருக்கிற நேரமெல்லாம் செடிகளோடு. மெஷின் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னாள்: "செடியை இடம் மாத்தறதா இருந்தா தூங்கினப்புறம் தோண்டணும் அண்ணா! முழிச்சிருக்கறப்ப கை வெச்சா செத்துரும்!"

இப்படி ஒரு வாக்கியம் கையில் கிடைத்தால் என் மாதிரி ஆள் என்ன செய்வான்? அச்சில் வந்தது இதுதான்:

"செடியை இடம் மாற்ற விரும்புவோர், அது நன்றாகத் தூங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், ஓசைப்படாமல் தோண்டவும். டார்ச்சை நேராக அடிக்க வேண்டாம். விழித்துக்கொண்டால் இறந்துவிடும்."*

* டார்ச் என் சொந்தச் சரக்கு. ஓசையும்.

2

திருத்தத்தைக் கதையாக எழுதித் தருகிறேன் என்றதும் ஆசிரியர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. அந்தப் பெருமூச்சுக்குப் பிறகு தொடங்கிப் பார்த்தவை:

முதல் தொடக்கம். "மண்வெட்டி எதன் மேலோ இடித்தது. கல் இல்லை. கல் இப்படி மெத்தென்று—" (இதை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். "தோட்டப் பக்கத்துல பொணம் வேணாம்" என்றார். பொணம் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கே தோன்றிவிட்டது என்றால் நல்ல தொடக்கம்தானே? கேட்கமாட்டார்.)

இரண்டாவது. "குளிர்காலம் வாசலில் வந்து நிற்கிறது. அன்பான வாசகிகளே, உங்கள் தொட்டிகளை—" (இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொட்டாவி.)

மூன்றாவது. "நான் ஒரு மாதுளை. என்னை இந்த வீட்டுக்கு—" (ஆறாம் வகுப்புக் கட்டுரை. கிழித்தேன்.)

ஆனால் மூன்றாவதில் ஒரு சொல் மட்டும் உண்மை. மாதுளை.

3

என் தங்கை வாடகை வீடுகளில் வாழ்ந்தவள். போகிற வீட்டிலெல்லாம் எதையாவது நட்டாள். ஒரு வீட்டில் எலுமிச்சை, ஒரு வீட்டில் மல்லிகைப் பந்தல், ஒன்றில் திராட்சைக் கொடி. காலி செய்யும்போதெல்லாம் விட்டுவிட்டு வந்தாள். அவள் நட்டதை எவரோ பறித்தார்கள். "நான் என்ன ஊருக்கெல்லாம் நட்டுக் குடுக்கறவளா?" என்று ஒருமுறை கேட்டாள். சிரித்துக்கொண்டுதான். ஆனாலும் கேட்டாள்.

இந்த முறை ஐந்தாவது மாடிக்குப் போனார்கள். பழைய வீட்டு முற்றத்து மாதுளை அவள் குச்சி ஊன்றி வளர்த்தது; போன வருஷம்தான் முதல் காய். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டாள். அவரும் பெரிய மனதோடு, "இலையெல்லாம் கொட்டட்டும், வந்து எடுத்துக்கோம்மா" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் நட்ட ஒன்றைக் கையோடு கொண்டுபோகப் போகிறாள். இலை உதிர்வதற்காகக் காத்திருந்தாள்.

இங்கேதான் அவளுடைய கணவர் வருகிறார், என் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக்.

எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கையே இல்லை. நானே உருவாக்கியிருந்தால் இரண்டாவது அத்தியாயத்திலேயே கத்தரித்திருப்பேன். விவரமான ஆள், நாற்பதைத் தாண்டியவர், பத்திரிகையில் போட்டிருக்கிறது என்பதற்காக நடு ராத்திரியில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாரா? எந்த வாசகர் நம்புவார்? ஆனால் போனார். மனைவி காலையில் எழுந்து பால்கனியில் மரத்தைப் பார்த்து அசந்துபோகவேண்டும் என்று ஆசை. அசந்துதான் போனாள்.

விஷயம் தெரிந்து, அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போனேன். லிஃப்ட் குழிக்குள் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எதுக்கு மச்சான்? அதான் அச்சுலயே வந்திருச்சே."

"அச்சுல வந்தா?"

"எங்க வேலையில புக்குல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே செய்யணும். சொந்த மூளையை ஓட்டினவன் கால் போச்சு, கை போச்சு." ஸ்பானரால் காற்றில் அடிக்கோடு போட்டுக் காட்டினார்.

"டார்ச் இல்லாமயா தோண்டினீங்க?"

"நேராக அடிக்க வேண்டாம்னுதானே போட்டிருந்தீங்க. சாய்ச்சு அடிச்சேன்."

நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"செருப்பைக்கூடக் கழட்டிட்டேன் மச்சான். ஓசைப்படாமல்னு இருந்துச்சே."

என் தொடர்களில் இத்தனை வருஷமாக எத்தனை கொலைகளை நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறேன்! ஒரு ஆள் என்னை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. அந்தப் பெருமை ஒரு கணம் எனக்கு வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அடுத்த கணமே தலையில் அடித்துக்கொண்டேன். இலை ஒன்றுகூட மஞ்சளாகாத மரத்தை, பச்சைப் பசேலென்று முழித்துக்கொண்டிருந்த மரத்தை, வேரில் பாதி அங்கேயே நிற்க, பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதுவும் எப்படி? லிஃப்டில். மரத்தை நிமிர்த்தி நிற்கவைத்து, "சாயாம வந்துச்சு மச்சான்" என்கிறார்.

4

பால்கனி. பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் மாதுளை. இலைகள் சுருண்டு, பழுப்பாகி, கிளையைவிட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டால் சலசலத்தன.

தங்கை என்னைப் பார்த்ததும், "வாங்க எழுத்தாளரே" என்றாள். அவள் என்னை வாங்க என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். மாப்பிள்ளையோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். மரம் வந்த காலையிலிருந்து. வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது சுவரைப் பார்த்துச் சொல்வாளாம். அன்றைக்குச் சுவர் நான்.

"அண்ணா, பக்கத்துல நிக்கறவர்கிட்ட சொல்லு, தொட்டியில தண்ணி ஊத்தவேணாம்னு."

"அவருக்கே கேக்குதேம்மா."

"காதுல விழறது வேற, கேக்கறது வேற."

மாப்பிள்ளை குவளையைக் கீழே வைத்தார். "தண்ணி இல்லன்னா காஞ்சிராதான்னு கேளுங்க மச்சான்."

"உறிஞ்சறதுக்கு வேர் எங்க இருக்கு? ஊத்த ஊத்த மிச்சமும் அழுகும். மண்ணைத் தொட்டுப் பாத்து, நல்லா காஞ்சிருந்தா கொஞ்சம். அவ்வளவுதான். சொல்லு."

"அவ்வளவுதானாம்" என்றேன்.

"உரம்?"

"உடம்பு முடியாதவனை எழுப்பி விருந்து வைக்கச் சொல்லு."

"உரம் வேணாமாம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். இதற்காகத்தான் வராமலும் இருந்தேன்.

"தூங்கறதுன்னா ராத்திரின்னு உனக்கு யாரு சொன்னா?"

"ராத்திரிதானேம்மா எல்லாரும்…"

"நீ மத்தியானம் சாப்பிட்டுட்டு வாயைத் திறந்து படுத்திருக்கியே, அது என்ன?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவள் பார்த்தாள். நிறுத்திவிட்டார்.

"குளிர் வரப்போகுதுன்னு மரத்துக்குத் தெரியும்" என்றாள் தங்கை. இப்போது குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "இலையில இருக்கறதையெல்லாம் மெதுவா உள்ள இழுத்துக்கும். அப்புறம் இலையைத் தானா விட்டுடும். வெறும் குச்சியா நிக்கும். அதுக்குப் பேருதான் தூக்கம். அப்பத் தோண்டினா அதுக்குத் தெரியாது. வசந்தத்துல புது இடத்துல முழிச்சுக்கும்." சுருண்ட இலை ஒன்றைத் தொட்டாள். "இது தூங்கி விட்ட இலை இல்ல. அதுன்னா தொட்டதும் விழும். இது விடாம புடிச்சிட்டு இருக்கு பாரு. அப்படியே அடிச்சுப்போட்ட மாதிரி."

"செத்துருச்சா?" என்றேன்.

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"வசந்தத்துல."

5

வாசகரே, என் கஷ்டம் உங்களுக்குப் புரிகிறதா? நான் வாரா வாரம் எழுதுகிறவன். கதவு தட்டப்படும், திறந்தால் யார் என்பது அடுத்த வாரம். அதற்கு மேல் என் வாசகர் காத்திருக்கமாட்டார், நானும் மாட்டேன். இங்கே கதவைத் தட்டினால் திறக்க வசந்தம் வரவேண்டுமாம். ஒரு பருவம் முழுக்க ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதை எந்தப் பத்திரிகை தொடராகப் போடும்?

சரி, குறிப்பையாவது ஒழுங்காக எழுதுவோம் என்று அவளிடமே திரும்பக் கேட்டேன். இந்த முறை மெஷின் ஓடவில்லை. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு பார்த்தால் பாதிக்கு மேல் 'கூடாது'. உதிர்ந்த சருகைப் பெருக்கிக் கொளுத்தக் கூடாது. செடியின் அடியில் மெத்தையாகப் போட்டால் வேருக்குக் கம்பளி. உறைபனிக்கு முன்னால் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வெட்டின இடத்தில் புதுத் துளிர் கிளம்பிக் குளிரில் கருகும். குளிர் உச்சம் இறங்கின பிறகு வெட்டலாம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர் தாங்காத தொட்டிகளை உள்ளே கொண்டுவரலாம், ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெளியே நிற்கிற தொட்டிக்குச் சாக்குச் சுற்றலாம், காற்றே போகாமல் பிளாஸ்டிக்கால் மூடக் கூடாது.

"செய்யறதுக்குன்னு ஒண்ணுமே கிடையாதாம்மா? ஆளுங்க கையை வெச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவாங்க?"

"பூண்டுப் பல்லை ஊனச் சொல்லு. கூர் முனை மேல. குளிர் பட்டாதான் அது பல்லுப் பல்லாப் பிரியும். கத்தரிக்கோலைத் தொடைச்சு எண்ணெய் போடச் சொல்லு."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா இருக்கச் சொல்லு."

சும்மா! ஆசிரியரிடம் போய், 'சார், வாசகர்கள் சும்மா இருக்கவேண்டியது' என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். என் வீட்டு வாசலில்.)

6

"மச்சான், ஒரு யோசனை."

அவர் யோசனை சொல்லும்போது இரண்டு பக்கமும் பார்ப்பார். நர்சரி ஒன்றில் மாதுளை பார்த்து வைத்திருக்கிறாராம். அதே உயரம், அதே கிளை, இலை மட்டும் உதிர்ந்து நிற்கிறதாம்; தொங்கின சருகும் ஒருவழியாக விழுந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாளாம். அவள் கடையில் இருக்கும்போது மாற்றி வைத்துவிட்டால் வசந்தத்தில் துளிர்க்கும், அவள் பேசிவிடுவாள்.

ஆள்மாறாட்டம்! தோட்டக் குறிப்புக்குள் ஆள்மாறாட்டம்! என் ரத்தம் சூடாகிவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சூடாகிவிட்டது. "நடங்க மாப்பிள்ளை" என்றேன்.

நர்சரிக்காரி எங்களை நம்பவில்லை. "எதுக்கு இதே உயரம் வேணும்?" என்றாள்.

மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குப் பொய் வராது. என் தொடரில் ஒரு வில்லனாகக்கூடப் போடமுடியாது.

அவள் கையுறையைக் கழற்றாமலே எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கறதைக் கீறிப் பாத்தீங்களா?"

"கீறியா?"

"பட்டையில நகத்தால ஒரு கீறல். அடியில பச்சையா இருந்தா உசுரு இருக்கு. பழுப்பா இருந்தா வாங்க, இதை எடுத்துட்டுப் போங்க. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம். வசந்தம்வரை இழுக்கவேண்டிய முடிவு ஒரு நகத்தில் இருக்கிறது. இதை ஏன் என் தங்கை சொல்லவில்லை? அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். நாங்கள் மரம் வாங்காமல் ஓடினோம். மாப்பிள்ளை லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் படியேறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

7

நினைத்ததுபோல் வீடு காலியாக இல்லை. கடையில் மின்சாரம் போய்விட்டதென்று தங்கை சீக்கிரமே வந்திருந்தாள். தொட்டிக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மூச்சு வாங்க, நகத்தை நீட்டிக்கொண்டு பால்கனிக்குள் நுழைந்தார்.

"கையை எடுக்கச் சொல்லு" என்றாள்.

"கீறிப் பாத்தாத் தெரிஞ்சிருமேம்மா" என்றேன். "நர்சரியில சொன்னாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பாக்கல?"

"தூங்கறவங்களை உசுரோட இருக்காங்களான்னு கிள்ளிப் பாப்பியா நீ?"

"இது தூங்கலன்னு நீதானே சொன்ன!"

அவள் சாக்கின் கயிற்றை இறுக்கி முடிந்தாள். அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள். மாப்பிள்ளை இன்னும் நகத்தை நீட்டிக்கொண்டே நின்றார்; எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவரை உள்ள போகச் சொல்லு" என்றாள்.

அவர் போனார். கதவைச் சாத்தவில்லை.

"கீறிப் பாத்து அடியில பழுப்பா இருந்துச்சுன்னு வை" என்றாள், தொட்டியைப் பார்த்தபடி. "அப்புறம் இந்தக் குளிர் முழுக்க நான் இந்த மனுசனோட ஒரே வீட்டுல இருக்கணும் அண்ணா. ஒரே மேஜையில சாப்பிடணும். மரத்தைக் கொன்னவர்னு தெரிஞ்சுக்கிட்டே. என்னால முடியாது. தெரியாம இருந்தா… இருந்துருவேன். வசந்தம் வர்றதுக்குள்ள எனக்கே கோவம் ஆறிரும். அப்ப பழுப்பா இருந்தாக்கூட தாங்கிக்குவேன்."

"பச்சையா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். அப்பத் தெரிஞ்சா போதும்."

"என்னால தாங்க முடியலையேம்மா!" என்று கத்தியே விட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நல்ல கண்ணுக்குத் தப்புப் பவர் கண்ணாடி கேட்டு வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீ போய் உன் கதையில யாரையாவது கொல்லு" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

8

முடிவுகளை வரிசையாக வைக்கிறேன்.

ஒன்று: வசந்தம் வருகிறது, கிளை நுனியில் செம்பு நிறத்தில் ஒரு துளிர். அவள் அவர் தோளில் சாய்கிறாள். (ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்குப் பல் கூசுகிறது.)

இரண்டு: வசந்தம் வருகிறது, துளிர் இல்லை. அவள் மரத்தை வெட்டித் தொட்டியில் வேறொன்று நடுகிறாள். பக்கத்தில் அவர் மண் அள்ளிப் போடுகிறார். (இது நல்ல முடிவு. என்னால் நிரூபிக்கமுடியாது.)

மூன்று: மாப்பிள்ளை தனியாக நர்சரிக்குப் போய்—(இல்லை. போகமாட்டார். இப்போது எனக்கு அவரைத் தெரிகிறது. இரண்டாவது அத்தியாயத்தில் கத்தரித்திருப்பேன் என்று சொன்னது தவறு.)

எதை எழுதினாலும் பொய். வசந்தம் இன்னும் வரவில்லை, இதழ் நாளைக்கு அச்சுக்குப் போகிறது.

ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அவள் உள்ளே போனபிறகு பால்கனியில் நான் மட்டும்தான் இருந்தேன். நானும், மரமும். என் கட்டைவிரல் தானாகவே கிளையின் மேல் போய் உட்கார்ந்தது. பட்டை சில்லென்று இருந்தது. ஒரு அழுத்து, ஒரு இழுப்பு, போதும். எத்தனையோ கதவுகளைத் திறக்கவிடாமல் உங்களைக் காக்கவைத்தவன், ஒரு கதவு முன்னால் நிற்கிறேன், பூட்டுகூட இல்லை.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல். சுவரைப் பார்த்துச் சொல்லும் குரல் இல்லை.

"ஏங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன். குளிருது."

அப்புறம் மனிதர் ஓடியிருக்கவேண்டும், எதிலோ முட்டிக்கொண்டார். ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அப்போது என் நகம் எங்கே இருந்தது? கீறினேன் என்று எழுதினால், என் தங்கை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்ன நிறம் என்று கேட்பாள். என் முகம் எதையும் மறைக்காது. கீறவில்லை என்று எழுதினால் நம்பமாட்டாள். அவள் எனக்குத் தங்கை. அதனால் இரண்டையும் எழுதவில்லை. ஆசிரியர் திட்டட்டும்.

நான் இறங்கிவிட்டேன். பால்கனியில் இப்போது யாரும் இல்லை. இவ்வளவு தூரம் பொறுமையாக வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் கட்டைவிரல் இருக்கிறது, கிளை கைக்கெட்டும் தூரத்தில்தான். கீறிப் பார்க்காமல் இருக்கமுடியாது என்றால் கீறிக்கொள்ளுங்கள்.

என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.